சின்னப் பிள்ளையோடு போகிறவர்களுக்கு ஒரே இடம் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் திருவனந்தபுரத்தைச் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று சென்ற வார இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. காலையில் பத்மநாபசுவாமி கோவில், பிறகு குதிரை மாளிகை, மியூசியம், கோளரங்கம், சாயங்காலம் வேளி, சங்குமுகம், நேரம் இருந்தால் கோவளம் என்று வரிசையாகப் போட்டிருந்தீர்கள். பெரியவர்கள் நாலு பேர் காரில் போனால் சரி. கூட மூன்றரை வயசுப் பிள்ளை இருந்தால் இந்த வரிசை மத்தியானம்கூடத் தாங்காது.

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கம் இருப்பவர்களுக்குத் திருவனந்தபுரம்தான் பக்கத்துப் பெரிய நகரம். 1956 நவம்பர் 1ஆம் தேதி நம் கன்னியாகுமரி மாவட்டத்துத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதுவரை நமக்குத் திருவனந்தபுரம்தான் தலைநகரமும்கூட. ஆஸ்பத்திரிக்கும், துணி எடுக்கவும், சாலை பஜாருக்கும் என்று இன்றும் போய்க்கொண்டேதான் இருக்கிறோம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதும் அங்கேதான். ஆகவே உங்கள் கட்டுரையை நம்பிக் கிளம்புகிறவர்களில் பாதிப் பேர் இடுப்பில் ஒரு குழந்தையோடு கிளம்புவார்கள் என்று நினைத்து எழுதியிருக்க வேண்டும்.

நான் சொல்ல வருவது இதுதான். சின்னப் பிள்ளையோடு போனால் ஒரு நாளுக்கு ஒரு இடம் போதும். அந்த ஒரு இடத்தில் மரநிழல், உட்கார இடம், ஓட இடம், நல்ல கழிப்பறை இந்த நாலும் இருக்க வேண்டும்.

திருவனந்தபுரத்தில் அப்படி ஓர் இடம் என்றால் மியூசியம் வளாகம்தான். குழித்துறையில் காலை ரயில் ஏறினால் சென்ட்ரலில் இறங்கி, எதிரே உள்ள தம்பானூரிலிருந்து பாளையம் வழியாகப் போகும் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். பிள்ளைக்கு அந்த ரயிலே பாதி விசேஷம். பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஜன்னல் வழியாகக் கை காட்டிக்கொண்டே வரும். காரில் போனால் களியக்காவிளை தாண்டியதும் தூங்கிவிடும், இல்லையென்றால் வாந்தி எடுக்கும்.

வளாகத்துக்குள்ளேயே மிருகக்காட்சி சாலை. திருவிதாங்கூர் காலத்தில், 1850களில் தொடங்கியது. நாட்டின் பழைய மிருகக்காட்சி சாலைகளில் ஒன்று. ஐம்பத்தைந்து ஏக்கர், பெரிய பெரிய மரங்கள். முழுவதையும் பார்த்தே தீர வேண்டும் என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். நீர்யானை இருக்கும் இடத்தில் என் மகள் நின்றதைச் சொல்கிறேன். தண்ணீரில் முதலில் ஒன்றுமே இல்லை, பச்சையாகக் கலங்கிக் கிடந்தது. பிறகு இரண்டு சின்னக் காதுகள் மேலே வந்து படபடவென்று தண்ணீரை உதறின. அப்புறம் மூக்கு. ஒரு பெரிய மூச்சு. மறுபடி முங்கிவிட்டது. “எங்கப்பா போச்சு?” என்று கேட்டுக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி நின்றவள் புலியைப் பார்க்க வர மாட்டேன் என்றாள். சரி, புலி இல்லாமலே அந்தக் காலை நன்றாகத்தான் போனது. எங்களைத் தாண்டிப் போன குடும்பங்களில் பல, “வா வா, இன்னும் நிறைய இருக்கு” என்று பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயின. அந்தப் பிள்ளைகள் அழுதார்கள்.

வெளியே வந்தால் நேப்பியர் மியூசியம். 1880இல் கட்டி முடித்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைக் கட்டிய ராபர்ட் சிஷோம் வடிவமைத்த கட்டடம். சிவப்பும் மஞ்சளுமாக வெளிச்சுவர், உச்சியில் கேரளத்துக் கூரை. பிள்ளைக்கு உள்ளே இருக்கும் வெண்கலச் சிலைகளைவிட வெளியே உள்ள நிறம்தான் பிடிக்கும், பிடிக்கட்டும். பெரியவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ரவிவர்மா ஓவியங்கள் இருக்கும் கலைக்கூடமும் அதே வளாகம்தான். மத்தியானம் பக்கத்திலேயே கனகக்குன்று அரண்மனை, அங்கேயும் மரம், அங்கேயும் புல்வெளி.

கையில் மட்டிப்பழம் ஒரு சீப்பு இருந்தால் போதும். நம் ஊர்க் குழந்தைகளுக்கு முதன்முதலில் ஊட்டும் பழம் அது. 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஹோட்டலில் இடம் கிடைக்கும்வரை பசியில் அழும் பிள்ளைக்கு அதைவிட நல்லது ஒன்றும் இல்லை.

உங்கள் கட்டுரையில் விட்டுப்போன சில விஷயங்கள். திங்கட்கிழமை மிருகக்காட்சி சாலைக்கு விடுமுறை, மூன்று நாள் லீவு சேர்ந்து வரும்போது பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பத்மநாபசுவாமி கோவிலில் ஆண்களுக்கு வேட்டி, பெண்களுக்குச் சேலை என்று கட்டுப்பாடு உண்டு. அந்த வரிசையில் சின்னப் பிள்ளையை நிறுத்துவது பாவம், கோவிலுக்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள். ஐப்பசி மாதத்தில் மத்தியானத்துக்குமேல் இடியும் மழையுமாக வரும், ஆகவே காலையிலேயே பார்த்துவிட்டு ரயில் ஏறிவிட வேண்டும். ஆற்றுக்கால் பகவதி கோவில் பொங்கல் சமயத்தில் நகரத்துக்குள் நடக்கவே இடம் இருக்காது. மழை நாளானால் ஆக்குளத்தில் பெரிய மால் இருக்கிறது. ஆனால் அங்கே பிள்ளை எதைப் பார்த்தாலும் வாங்கித் தரச் சொல்லிக் கேட்கும், கேட்டதற்கெல்லாம் இல்லை என்று சொல்லியே பெற்றோருக்குப் பொழுது போய்விடும்.

இன்னொன்று. ஒரு பூங்காவில் (ஊர் பெயர் வேண்டாம்) ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கழிப்பறையைப் பூட்டிவிட்டார்கள். சாவி வைத்திருந்தவர் வீட்டுக்குப் போய்விட்டாராம். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க இடமில்லாமல் என் மனைவியின் தங்கை டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். தமிழ்நாட்டில் பஸ் ஸ்டாண்டுகளில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் 2015இலேயே வந்துவிட்டன. பஸ் ஸ்டாண்டில் முடிந்தது பூங்காவில் ஏன் முடியாது? எந்த ஊர்ப் பூங்காவைப் பற்றி எழுதினாலும் இந்த இரண்டும் இருக்கின்றனவா என்று உங்கள் நிருபர் பார்த்து எழுத வேண்டும். ஐஸ்கிரீம் எங்கே கிடைக்கும் என்பதைவிட அது முக்கியம்.

கடைசியாக நம் மாவட்டத்துக்கு. நாகர்கோவில் 2019இல் மாநகராட்சி ஆகிவிட்டது. ஊர் நடுவில் வேப்பமூடு பூங்கா இருக்கிறது, நல்ல இடம்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் போதாது. புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறதே! 1741 குளச்சல் போரில் டச்சுப் படையிலிருந்து பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதியான டிலனாயின் கல்லறை அங்கேதான். வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்காவும், கோட்டைச் சுவருக்குள் எத்தனையோ மரங்களும் இருக்கின்றன. ஒரு பிள்ளை ஒரு நாள் முழுக்க ஓடி விளையாட அந்த இடம் போதும். நிழலில் பெஞ்சுகள், பிள்ளைகளுக்கு எட்டுகிற உயரத்தில் குடிதண்ணீர்க் குழாய், சாயங்காலம் வரை திறந்திருக்கும் கழிப்பறை, பாலூட்ட ஓர் அறை, இவற்றைச் செய்து கொடுத்தால் சரி. ராட்டினமும் ரயிலும் யாரும் கேட்கவில்லை.

கோடை விடுமுறைக்கு முன்பே வனத்துறையும் மாவட்ட நிர்வாகமும் இதைச் செய்ய வேண்டும். உங்கள் இதழ் உதயகிரிக்கு ஒரு நிருபரை அனுப்பி, முடிந்தால் அவரோடு ஒரு சின்னப் பிள்ளையையும் அனுப்பி, அங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எழுத வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மார்த்தாண்டம்.