பழைய சொகுசு எஸ்யூவிக்கு முதல் உரிமையாளரின் சர்வீஸ் கணக்கு உதவாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய சொகுசு எஸ்யூவிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று தங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். இருக்கை, இசைக் கருவி, இழுவைத் திறன் எல்லாம் நன்றாகவே அலசப்பட்டிருந்தன. வாங்கிய பிறகு என்ன செய்வது என்ற இடத்தில் மட்டும், நிறுவனத்தின் சர்வீஸ் அட்டவணையைப் பின்பற்றினால் போதும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். வாசகர்களுக்குப் பெரிய செலவை இழுத்துவிடப்போவது அந்த வரிதான். அதை விவரமாக மறுக்க வேண்டியிருப்பதால் கடிதம் சற்று நீள்கிறது, பொறுத்தருள வேண்டும்.

அந்த அட்டவணை, வண்டியைப் புதிதாக வாங்கி, வாரண்டி முடியும் தறுவாயில் விற்றுவிடுகிறவரை மனதில் வைத்து எழுதப்பட்டது. அவருக்கு எஞ்சின் ஆயில் 25,000, 30,000 கி.மீ. வரை ஓடலாம். கியர்பாக்ஸ் ஆயிலை வண்டியின் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம். அவர் கையில் இருக்கும்வரை எதுவும் கெடாது என்பதால் கணக்கு சரியாகவே இருக்கும். எட்டாவது, பத்தாவது ஆண்டில் அதே வண்டியை வாங்குகிறவர்தான் பாக்கியைக் கட்ட வேண்டியிருக்கிறது. வண்டியின் விலை எவ்வளவு இறங்கினாலும் அதன் ஏர் ஸ்பிரிங், டர்போ, ஹெட்லைட் ஆகியவற்றின் விலை இறங்குவதில்லை. பழுது பார்க்க ஆகும் நேரமும் குறைவதில்லை. துருவும் இறுகிப்போன போல்ட்டும் சேர்ந்து அதைக் கூட்டவே செய்யும். வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் ஆண்டு வேலைகளுக்கென்று தனியே வைக்க முடியாதவர்கள், ஒரு படி கீழே உள்ள வண்டியைப் பார்ப்பதே நல்லது.

கியர்பாக்ஸிலிருந்து தொடங்குகிறேன். பிஎம்டபிள்யூ எக்ஸ்5, லேண்ட் ரோவர் டிஸ்கவரி, ரேஞ்ச் ரோவர் எனப் பல வண்டிகளில் இருப்பது இசட்எஃப் நிறுவனத்தின் 6எச்பி அல்லது 8எச்பி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். மாற்றவே வேண்டாம் என்று கார் நிறுவனங்கள் சொன்ன அதே ஆயிலை, 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது 8 ஆண்டுக்குள் மாற்றச் சொல்வது அந்தப் பெட்டியைச் செய்த இசட்எஃப் நிறுவனமே. மாற்றாமல் விட்டால் முதலில் தெரிவது, மிதமான வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தும்போது வரும் ஒரு நடுக்கம். கரடுமுரடான தார்ச்சாலையின் கோடுகள் மீது ஓடுவதுபோல் ஓரிரு நொடி அதிர்ந்து அடங்கும். எஞ்சின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் வழுக்குவதன் அடையாளம் அது. அடுத்த கட்டமாக, வண்டி நிற்கப்போகும் நேரத்தில் கியர் கீழே இறங்கும்போது ஒரு தட்டு தட்டும்.

ஆயில் மாற்றும் முறையில்தான் பல ஒர்க்‌ஷாப்கள் கோட்டை விடுகின்றன. வண்டி லிஃப்ட்டில் மட்டமாக நிற்க வேண்டும். ஆயிலை வடிப்பதற்கு முன்பே ஊற்றும் வாயின் பிளக்கைத் தளர்த்திப் பார்த்துவிட வேண்டும்; அது இறுகிக் கிடப்பது வடித்த பிறகு தெரிந்தால் வண்டி நகராது. இந்தப் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் அடியில் ஆயில் தேங்கும் தட்டான ஆயில் பேனும் ஃபில்ட்டரும் ஒரே பிளாஸ்டிக் துண்டு, சேர்த்தேதான் மாற்ற வேண்டும். பேனைக் கழற்றியிருக்கும்போதே, 6எச்பி பெட்டியில் வயர் இணைப்பைச் சுற்றியுள்ள ஸ்லீவையும் கியரைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் பகுதியின் சீல்களையும் மாற்றிவிடலாம். ரப்பர் காய்ந்து ஆயில் கசிவது அந்த இடத்தில்தான். பிறகு வாயில் வழியும்வரை புது ஆயிலை ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியரிலும் சில நொடிகள் வைத்து எடுக்க வேண்டும். ஆயிலின் வெப்பம் 30-லிருந்து 50 டிகிரிக்குள் இருக்கும்போது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் நிலையிலேயே, மெல்லிய இழையாக வழியும் அளவுக்கு நிரப்பிப் பிளக்கை மூட வேண்டும். வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் வெப்பத்தைப் பார்க்காமல் செய்தால் அளவு கண்டிப்பாகத் தப்பும். குறைவாக இருந்தால் கிளட்ச் எரியும், கூடினால் ஆயில் நுரைக்கும். இன்னொன்று: 6எச்பி பெட்டி கொள்ளும் ஏறக்குறைய 9 லிட்டரில் ஒருமுறை வடித்தால் 5, 6 லிட்டர்தான் வெளியே வரும், மீதி கன்வர்ட்டருக்குள் நின்றுவிடும். ரொம்ப நாளாக மாற்றாத வண்டியில் சில ஆயிரம் கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடியும் ஒருமுறை வடித்து ஊற்றுவது பலன் தரும். வடித்த ஆயில் கருகி நாறி, அதில் உலோகத் துகளும் மின்னினால் புது ஆயில் அந்தப் பெட்டியைக் காப்பாற்றாது. அந்த உண்மையை அப்போதே வாடிக்கையாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை யாருமே நினைப்பதில்லை. எக்ஸ்5-இல் முன்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் கிளட்ச் அதற்குள் இருக்கிறது; அது நம்பியிருப்பது கொஞ்சம் ஆயிலை மட்டுமே. அதைக் கொல்வது பெரும்பாலும் டயர்தான். பஞ்சரான ஒரு டயருக்குப் பதில் புதிது ஒன்றை மட்டும் மாட்டினால் முன்னும் பின்னும் சுற்றளவு வேறுபடும். நேரான சாலையில்கூட அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கட்டியே கிளட்ச் தேய்ந்துபோகும். நான்கு டயரும் ஒரே பிராண்டு, ஒரே வகை, தேய்மானத்தில் 2, 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இல்லாமல் இருக்க வேண்டும். காலியான மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக வட்டமடித்துப் பாருங்கள். வண்டி தடுக்கித் தடுக்கிப் போனால் சந்தேகம் அங்கேதான். டயரின் வயதையும் பார்த்துவிடுங்கள்: பக்கவாட்டில் 2319 என்று இருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது.

இனி, வாங்குகிறவர்கள் எல்லோரும் பயப்படும் ஏர் சஸ்பென்ஷன்; அதாவது, இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று அடைத்த ரப்பர் பலூன்கள் வண்டியைத் தாங்கும் அமைப்பு. முறை தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. காலப்போக்கில் ரப்பர் பலூனில் வெடிப்பு விழுவது இயல்பு. வெடிப்பு வருவது ரப்பர் மடிந்து உருளும் அடிப்பகுதியில், தூசி புகுந்து அரைக்கும் இடத்தில். வண்டி சாதாரண உயரத்தில் நிற்கும்போது அந்த மடிப்பு கண்ணில் படாது. மிக அதிக உயரத்துக்கு ஏற்றி, பாடியை முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தால் மயிரிழைக் கோடுகள் தெரியும். சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் குமிழி வரும். காற்றை மட்டும் நம்பி நிற்கும் வண்டிக்கடியில் ஒருபோதும் தலையை விடக் கூடாது. இதைவிட எளிய சோதனையும் உண்டு. வீல் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நான்கு மூலையிலும் டேப் வைத்து அளந்து எழுதிவையுங்கள். இரவு முழுவதும் நிறுத்திவிட்டு, காலையில் கதவைத் திறப்பதற்கு முன் மறுபடியும் அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்தப் பலூனோ அதன் குழாய் இணைப்போ கசிகிறது. ஒரே ஆக்ஸிலின் இரு பக்கமும் சேர்ந்து இறங்கினால் காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வு பிளாக்கையும் சந்தேகிக்க வேண்டும்.

சின்னக் கசிவுதானே என்று விடுவதுதான் இதில் பெரிய நஷ்டம். இறங்கிய மூலையை உயர்த்த, பலூனுக்குக் காற்றை அடைக்கும் கம்ப்ரஸர் அடிக்கடி ஓடுகிறது. ஓடி ஓடிச் சூடேறி அதன் பிஸ்டன் ரிங் தேய்கிறது. ஈரத்தை உறிஞ்ச வேண்டிய டிரையர் மணிகள் நனைந்து, ஈரக்காற்று வால்வு பிளாக்குக்குள் போகிறது. கடைசியில் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ள, சாவியை எடுத்த பிறகும் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருந்து எரிகிறது, பேட்டரியும் காலி. இந்த நிலையில் வரும் வண்டிக்குக் கம்ப்ரஸரை மட்டும் மாற்றி அனுப்புவது வேலையே அல்ல. கசிவை அடைக்காவிட்டால் புதியதும் அதே வழியில் போகும். கம்ப்ரஸருடன் ரிலேயையும் மாற்றியே ஆக வேண்டும், பலூனை ஜோடியாக மாற்ற வேண்டும். குழாய் முனையைக் கூரான பிளேடால் நேராக வெட்டி, புது இணைப்பு போட வேண்டும். புதுப் பலூனுக்குள் காற்று ஏறாமல் வண்டியின் பாரத்தை அதன்மேல் இறக்கவே கூடாது. மடிப்பு கோணலாக விழுந்து அன்றைக்கே கிழியும். எல்லாம் முடிந்ததும் ஸ்கேனரில் நான்கு மூலையின் உயரத்தையும் அளந்து பதிய வேண்டும். ஏர் சஸ்பென்ஷனைக் கழற்றிவிட்டுச் சாதாரண ஸ்பிரிங் போட்டுக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். குலுங்கலைத் தணிக்கும் டேம்பர், ஹெட்லைட் மட்டம், ஸ்டெபிலிட்டி கட்டுப்பாடு எல்லாம் உயர சென்சாரைப் பார்த்தே வேலை செய்யும் வண்டிகளில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எஞ்சின் ஆயிலை அட்டவணை என்ன சொன்னாலும் 10,000 கி.மீ. அல்லது ஓராண்டில் மாற்றிவிடுங்கள். வால்வுகளைச் சரியான நேரத்தில் இயங்க வைக்கும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் வேலை செய்வது ஆயில் அழுத்தத்தில். நீர்த்துப்போன ஆயிலில் செயின் தளரும். ஆடி க்யூ7-இன் 3.0 டீசலில் செயின் இருப்பது எஞ்சினுக்குப் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரத்தில். அங்கே கை நுழைக்க எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். அதனால்தான் குளிர்ந்த எஞ்சினை முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது வரும் கலகல சத்தத்தை, ஓரிரு நொடிதான் என்றாலும், அலட்சியப்படுத்தக் கூடாது. ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-30 என்று இருந்தால் மட்டும் போதாது. எம்பி 229.51, பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-04, விடபிள்யூ 504 00 / 507 00 என்று அந்தந்த வண்டிக்குரிய ஒப்புதல் எண் இருக்கிறதா பாருங்கள். புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்ட்டர் உள்ள டீசல் வண்டியில் சாம்பல் குறைந்த ஆயில் இல்லையென்றால் அந்த ஃபில்ட்டர் நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும். டீசல் வண்டியில் ஆயில் அளவு தானாகவே ஏறினால் மகிழ வேண்டாம். கரியை எரித்து ஃபில்ட்டர் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் வேலை பாதியில் நின்றதால் டீசல் ஆயிலில் கலந்திருக்கிறது. அந்தச் சுத்தம் முழுதாக முடிய, வாரம் ஒருமுறையாவது 20 நிமிடம் தொடர்ந்து நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்ட வழியில்லாதவர்கள் டீசல் எஸ்யூவியை நாடாமல் இருப்பதே நல்லது.

மெர்சிடிஸ் எம்எல், ஜிஎல் வண்டிகளில் வரும் ஓஎம் 642 என்ற வி6 டீசலில் ஒரு கசிவை ஒர்க்‌ஷாப்கள் அடிக்கடி தவறாகப் படிக்கின்றன. ஆயில் கூலர் இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவே உள்ள பள்ளத்தில், டர்போவுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. அதன் சீல் வெப்பத்தில் சுருங்கியதும் ஆயில் பள்ளத்தில் தேங்கி, பின்பக்கமாக வழிந்து, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டுகிறது. பார்ப்பவர் கிராங்க் ஷாஃப்ட்டின் பின் சீல் போய்விட்டது என்று முடிவு கட்டி, கியர்பாக்ஸை இறக்கிவிடுவார். இறக்குவதற்கு முன் மேலிருந்து அந்தப் பள்ளத்துக்குள் கேமரா விட்டுப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். சீல் சின்னது; ஆனால் டர்போவையும், எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டுகளையும் கழற்றினால்தான் கை எட்டும். பழைய ஆரஞ்சு நிறச் சீலுக்குப் பதில் வெப்பம் தாங்கும் விட்டான் ரப்பரில் செய்த ஊதா நிறச் சீலைப் போடுங்கள். திறந்திருக்கும்போதே டர்போவின் காற்று நுழைவாயில் சீலையும் மாற்றுங்கள். அது கசிந்தால் ஆயில் நேராகக் கீழே உள்ள, இன்டேக் காற்றைக் கட்டுப்படுத்தும் ஸ்வர்ல் மோட்டார் மீது சொட்டி அதையும் கெடுத்து, வண்டியை வேகம் எடுக்காத நிலைக்குத் தள்ளும்.

லேண்ட் ரோவரின் 2.7, 3.0 வி6 டீசலில் எஞ்சினின் முன்பக்கம் டைமிங் பெல்ட் ஒன்று. டீசல் பம்ப்பை ஓட்டுவதற்கென்று பின்பக்கம் இன்னொரு பெல்ட். பெல்ட் மாற்றியாயிற்று என்று விற்பவர் சொன்னால் இரண்டுக்கும் பில் கேளுங்கள். முன்பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். பின்பெல்ட் அறுந்தால் ஓடும் வழியில் எஞ்சின் நின்றுவிடும். கி.மீ. கணக்கு வராவிட்டாலும் ஆண்டுக் கணக்கு வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். முதல் தலைமுறை போர்ஷே கயென் வி8-இல் இன்டேக்குக்கு அடியில் ஓடும் பிளாஸ்டிக் கூலன்ட் குழாய்கள் வெடிப்பது தெரிந்த சங்கதி. அலுமினியக் குழாய் மாட்டிய வண்டியா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

சன்ரூஃப் இருந்தால் ஆண்டுக்கு இருமுறை, நான்கு மூலை வடிகாலிலும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, வண்டிக்கடியில் வெளியேறுகிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் மெல்லிய நைலான் கம்பியை விட்டு எடுங்கள். அழுத்தக் காற்றை அடித்தால் கூரையைத் தாங்கும் தூணுக்குள்ளே குழாய் இணைப்பு கழன்று, தண்ணீர் கம்பளத்துக்கடியில் தேங்கும். கயென், டூரெக் போன்ற வண்டிகளில் பேட்டரியே இருக்கைக்கடியில் இருக்கிறது. கம்பளத்துக்கடியில் ஓடும் வயர்களும் கண்ட்ரோல் யூனிட்களும் நனைந்தால் வரும் பழுதுகளுக்கு ஒன்றோடொன்று தொடர்பே தெரியாது.

பேட்டரியை மாற்றினால் அதே வகையில் புதியதைப் போட்டு, ஸ்கேனர் வழியாக வண்டிக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் பழைய பேட்டரிக்கு ஏற்றதுபோலவே சார்ஜ் செய்து புதியதைக் கெடுக்கும். வாங்கும் முன் ஸ்கேன் செய்யும்போது எஞ்சினோடு நிறுத்தாமல் எல்லா யூனிட்டையும் படிக்கச் சொல்லுங்கள். பல யூனிட்கள் கி.மீ.யைத் தனித்தனியே பதிந்து வைத்திருக்கும். மீட்டரில் உள்ளதோடு அவை ஒத்துப்போக வேண்டும். பழுதுக் குறியீடு ஒன்றுமே இல்லாமல், சுய பரிசோதனைகளும் இன்னும் முடியவில்லை என்று காட்டினால், உங்களுக்குக் காட்டுவதற்காகச் சற்றுமுன் அழித்திருக்கலாம் என்று சந்தேகியுங்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை இவ்வகைக் கட்டுரையை வெளியிடும்போது, ஒவ்வொரு மாடலுக்கும் டைமிங் பெல்ட் அல்லது செயினின் நிலை, கியர்பாக்ஸ் ஆயில் மாற்றும் காலம், ஏர் ஸ்பிரிங் ஒரு ஜோடி மாற்ற ஆகும் வேலைநேரம் ஆகிய மூன்றையும் விலைக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வாகனப் பழுதுநீக்கும் தொழிலில் உள்ள ஒரு வாசகர்