தம்பியின் நிறை பற்றி மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

என் பேரன் தம்பியின் நிறை வயதுக்கு மிஞ்சிவிட்டது என்று டொக்டர் சொன்னதைக் கேட்டு நீ அழுததாக மருமகன் சொன்னார். அழாதே பிள்ளை. உன் கவலையீனத்தால் வந்தது இல்லை இது.

1990க்குப் பிறகு இலங்கையின் வடக்கில் பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்தவள் நீ. சீனி இல்லாமல் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தாய். அந்தத் தட்டுப்பாட்டைக் கண்ட தாய்க்கு, பிள்ளை போதும் என்று முகத்தைத் திருப்பினால் மனம் கேட்காது. இன்னும் ஒரு வாய் என்று ஊட்டத்தான் செய்வாள். நான் மருத்துவமாதுவாக வீடு வீடாகப் போன காலத்தில், நிறை அட்டையில் கோடு கீழே இறங்கினால்தான் எல்லோருக்கும் பயம். கொழுகொழு என்று இருந்தால் கண்ணூறு படும் என்று கறுத்தப் பொட்டு வைப்பார்கள். அந்த மனதோடுதான் நீயும் கனடாவுக்குப் போனாய்.

ஸ்காபரோவில் நிலைமை வேறு. உனக்குப் பகல் வேலை, மருமகனுக்கு இரவு வேலை. ஐபாடைக் கொடுத்தால்தான் தம்பி வாய் திறக்கிறான். அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிற பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரியாது. புட்டு கொண்டுபோக வெட்கம் என்று பள்ளிக்கூடத்தில் பீட்சா. வந்ததும் ரோல்ஸ், மிக்சர். இரவில் சோறு. இரண்டு நாட்டுச் சாப்பாடும் ஒரே வயிற்றுக்குள் போகிறது. பனிக்காலத்தில் ஓடி விளையாடவும் வழியில்லை.

எல்லாவற்றிலும் எனக்குப் பெரிய கவலை உன் ஃபிரிட்ஜில் இருக்கிற கோலாவும் மாம்பழ ஜூஸும்தான். ஒரு ரின் கோலாவில் சுமார் 40 கிராம் சீனி, கிட்டத்தட்ட பத்துத் தேக்கரண்டி. பெரியவருக்கே நாளுக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழம்தானே என்று ஜூஸை நம்பாதே, அதிலும் சீனி நிறைய. எங்கள் ஆட்களுக்கு மெலிந்த உடம்பிலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும், சலரோகமும் வேளைக்கே வந்துவிடும். அப்பா பட்ட பாட்டை நீயே பார்த்தாய்.

அதற்காக அவனைப் பட்டினி போடாதே. வளர்கிற பிள்ளை. நிறை மேலும் கூடாமல் பார்த்துக்கொண்டால், உயரம் கூடக்கூடச் சரியாக வரும். தண்ணீர் கொடு. சாப்பிடும்போது ஐபாட் வேண்டாம். போதும் என்றால் கோப்பையை எடுத்துவிடு. அப்புறம், கொண்டாட்ட வீடுகளில் யாரும் அவனைக் குண்டன் என்று கூப்பிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்து. அது பிள்ளையின் மனதில் நிற்கும்.

அடுத்த கிழமை அங்கே வருகிற ஆளிடம் குரக்கன் மா கொடுத்துவிடுகிறேன். புட்டு அவித்து, கீரையும் மீன்குழம்பும் வைத்துக் கொடு. சீனி போடாதே.

அன்புடன்,
அம்மா