இன்னொரு புதுச் செயலி வேண்டாம்: ஆய்வு நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பொதுமக்கள் பதிந்து அனுப்பும் தகவல்களை வைத்து ஆய்வு செய்யும் 'மக்கள் அறிவியல்' திட்டங்களை நடத்தும் ஆய்வு நிறுவனங்களுக்கும், அவற்றுக்கு நிதி தரும் அமைப்புகளுக்கும்,

வணக்கம். பறவை, பூச்சி, செடி என்று கண்ணில் பட்டதையெல்லாம் போனில் பதிந்துகொண்டிருக்கும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. அடுத்த திட்டத்துக்கு எங்களைக் கூப்பிடுங்கள், கண்டிப்பாக வருகிறோம். அதற்கென்று இன்னொரு புதுச் செயலி மட்டும் செய்யாதீர்கள்.

திட்டத்துக்கொரு செயலி, செயலிக்கொரு கணக்கு, கணக்குக்கொரு கடவுச்சொல். தொடக்க விழா தடபுடலாக நடக்கிறது. நிதி தீர்ந்ததும் பராமரிக்க ஆளில்லை, ஆண்ட்ராய்டின் அடுத்த பதிப்பு வந்ததும் செயலி திறக்கவே மாட்டேன் என்கிறது. அதில் நாங்கள் ஏற்றிய படமெல்லாம் கிணற்றில் போட்ட கல்தான்.

இத்தனைக்கும் நல்ல தளங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. 2002-இல் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பும் தொடங்கிய, பார்த்த பறவைகளின் பட்டியலைப் பதியும் இ-பேர்ட் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலை அனுப்பும் முன் அது ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்துவிட்டீர்களா? பார்க்கச் சின்னக் கேள்விதான். ஆனால் 'ஆம்' என்று சொன்னால்தான், பட்டியலில் காக்கை இல்லையென்றால் காக்கை தென்படவில்லை என்று பொருள்; இல்லாவிட்டால் அது எழுதத் தோன்றாமல் விடுபட்டதா, உண்மையிலேயே கண்ணில் படவில்லையா என்று யாருக்கும் தெரியாது. எவ்வளவு நேரம் பார்த்தோம், எவ்வளவு தூரம் நடந்தோம் என்பதையும் சேர்த்தே வாங்கிக்கொள்வதால் ஓர் ஆண்டை இன்னோர் ஆண்டோடு ஒப்பிட முடிகிறது. அவசர ஒப்பந்தத்தில் செய்து வாங்கும் செயலியில் முதலில் விட்டுப்போவது இந்த மாதிரி விஷயங்கள்தான்.

2008-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் முதுகலைத் திட்டமாக ஆரம்பித்த, எந்த உயிரினத்தையும் படமெடுத்துப் பதியக்கூடிய ஐநேச்சுரலிஸ்ட் தளமும் அப்படித்தான். ஒரு பதிவில் அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இனம் இன்னதென்று ஒத்துப்போனால், தேவையான மற்ற விவரங்களும் இருந்தால், அது ஆய்வுத் தரம் பெறுகிறது. உரிமமும் பொருந்தினால் ஜிபிஐஎஃப் என்ற உலகப் பொதுத் தரவகத்துக்குப் போய்ச் சேர்கிறது. அருகிவரும் உயிரினம் என்றால் சரியான இடத்தைப் பொதுப் பார்வைக்குக் காட்டாது. வேட்டைக்காரர்களும் போன் வைத்திருக்கிறார்களே! இங்கே உங்கள் திட்டத்துக்கென்று ஒரு பக்கம் திறக்கச் செலவே இல்லை.

அப்படியானால் பணத்தை எதில் போடுவது என்று கேட்பீர்கள். ஆட்களில் போடுங்கள். ஸ்பெயினின் மஸ்கிட்டோ அலர்ட் செயலிக்கு மக்கள் கொசுப் படம் அனுப்புகிறார்கள், பூச்சியியலாளர்கள் உட்கார்ந்து பார்த்து இனம் சொல்கிறார்கள். 2018-இல் அப்படி வந்த ஒரு படத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, நேரில் போய்த் தேடி, அதுவரை அந்த நாட்டில் பதிவாகாத ஈடிஸ் ஜப்பானிகஸ் கொசு அங்கே இருப்பதை உறுதிசெய்தார்கள். படத்தைப் பார்க்க ஆளில்லாமல் இருந்திருந்தால் அந்தச் செயலி வெறும் ஆல்பம்தானே?

சரி, சில வேலைக்குத் தனிச் செயலி வேண்டும்தான், மறுக்கவில்லை. நாசா ஆதரவில் நடக்கும் குளோப் அப்சர்வர் செயலியில் மேகத்தைப் பதிந்தால், அதே நேரம் செயற்கைக்கோள் அங்கே கடந்திருந்தால், அது பார்த்ததையும் நாம் பார்த்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். அப்படி ஒரு பதில் வந்தால் மறுநாளும் அண்ணாந்து பார்க்காமல் யார் இருப்பார்கள்? எங்களுக்கோ பெரும்பாலும் 'நன்றி, உங்கள் பதிவு கிடைத்தது' என்ற தானியங்கிச் செய்திதான்.

அப்புறம் கூட்டாண்மை. பள்ளி, இயற்கைக் குழு, உழவர் சங்கம் எல்லாவற்றின் சின்னத்தையும் சுவரொட்டியில் வரிசையாகப் போட்டுவிட்டால் கூட்டாண்மை ஆகிவிடாது. எதைக் கணக்கெடுப்பது என்று முடிவு செய்யும்போதே அவர்களைக் கூப்பிடுங்கள். தேர்வு மாதத்தில் கணக்கெடுப்பு வைக்காதீர்கள் என்று ஆசிரியர் சொல்வார், எந்தப் பூச்சி எப்போது வருமென்று உழவர் சொல்வார். முடிவு வந்ததும் அவர்கள் படிக்கும் மொழியில் இரண்டு பக்கம் எழுதி அனுப்புங்கள், கட்டுரையின் நன்றிப் பகுதியில் குழுவின் பெயரைச் சேருங்கள்.

நிதி தருபவர்களுக்குத் தனியாக ஒன்று: தனிச் செயலி கேட்டு விண்ணப்பம் வந்தால், திட்டம் முடிந்தபின் தரவு எங்கே இருக்கும், யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
படம் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்களில் ஒருத்தி