ஸ்க்ரீன்ஷொட் அனுப்புவதை நிறுத்து மச்சான்

மட்டக்களப்பு
6.11.2025

அன்புள்ள மச்சான்,

சுகம்தானே? இங்கே எல்லாரும் சுகம். மாரி தொடங்கிவிட்டது, அக்காவின் முழங்காலும் தொடங்கிவிட்டது. வாட்ஸப்பில் நாலு வரி போடாமல் ஏன் இவன் ஈமெயிலில் இவ்வளவு நீளத்துக்கு எழுதுகிறான் என்று யோசிப்பாய். வாட்ஸப்பால் வந்த வினைதான் இது. முழுக்க வாசி, பிறகு ஏசு.

போன மாதம் நம்முடைய குழுவில் ஒரு ஸ்க்ரீன்ஷொட் போட்டாயே, கனடாவில் ஆப்பில் ஆட்களை ஏற்றிக் கார் ஓடியதில் ஒரு சனிக்கிழமை உழைப்பு 312 டொலர் என்று. நம்முடைய கூட்டாளி கொக்கு லண்டனில் இருந்து கைதட்டினான், நானும் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் படுக்கப் போனேன். அக்காவின் மகன் அதை என் போனில் பார்த்துவிட்டான். பார்த்த கையோடு ரூபாய்க்கு மாற்றினான். அறுபத்தேழாயிரம்! “மாமா, நான் ஒரு மாதம் முறிந்தும் இவ்வளவு வரவில்லை, அவர் ஒரு நாளில் எடுக்கிறார்” என்று அக்கா முன்னாலேயே சொன்னான். அக்கா என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

இப்போது திட்டம் என்ன தெரியுமா? டிசம்பரோடு ஹார்ட்வெயார் கடை வேலையை விடுவது, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போவது, வெள்ளவத்தையில் ரூம் எடுத்துச் சாப்பாடு டெலிவரி செய்வது, காசு சேர்ந்ததும் உன்னிடம் வருவது. “கனடா மாமாவோடு கதைத்துவிட்டேன், வரச் சொன்னார்” என்கிறான். சொன்னாயா நீ? உண்மையைச் சொல்.

அந்த 312 டொலரை நான் சும்மா விடவில்லை. முப்பது வருஷம் பேங்கில் மற்றவன் கணக்கைப் பார்த்தவன், உன் கணக்கைப் பார்க்க மாட்டேனா? கணக்குப் பாடத்தில் என் கொப்பியைப் பார்த்து எழுதியவன் நீ, அதனால் மெதுவாகவே சொல்கிறேன். காலை எட்டுக்கு இறங்கி இரவு ஒன்பதுக்குத்தான் வீட்டுக்கு வந்தாய் என்று நீயே குரல் பதிவில் சொன்னாய். அப்படியென்றால் 13 மணி நேரம். ஓடியது 250 கிலோமீற்றர் என்று வை. முதலாளி தன் ஊழியருக்குக் கொடுக்கும் கார்ப்படிக்கு உங்கள் வரித் திணைக்களம் 2025க்குக் கிலோமீற்றருக்கு 72 சதம் என்று வீதம் வைத்திருக்கிறது, முதல் 5,000 கிலோமீற்றருக்கு. பெற்றோல், ரயர், இன்சூரன்ஸ், கார் தேய்வது எல்லாம் அதற்குள் அடக்கம். உன் கார் பழசு, அதில் பாதியே போதும் என்று கழித்தாலும் 90 டொலர் போய்விடும். மிச்சம் 222. பதின்மூன்றால் பிரி. மணிக்கு 17 டொலர். ஒன்ராறியோவில் 2025 ஒக்டோபரில் இருந்து கடையில் பெட்டி அடுக்குகிறவனுக்கே குறைந்தது 17.60.

இன்னும் வரி பிடிக்கவில்லை மச்சான். ஆட்கள் ஏற்றி ஓடுகிறவன் முதல் டொலரில் இருந்தே விற்பனை வரிக்குப் பதிய வேண்டும், பென்ஷன் பணத்தில் முதலாளி பங்கையும் சேர்த்து நாமே கட்ட வேண்டும் என்று தை மாதம் நடுச்சாமத்தில் என்னை எழுப்பி அழாத குறையாய்ச் சொன்னது யார்? அன்றைக்கு ஏன் ஸ்க்ரீன்ஷொட் போடவில்லை?

உங்கள் மாகாணத்தில் 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டத்தையும் தேடி வாசித்தேன். ஆப்பில் ஓடுகிறவர்களுக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு என்று தலைப்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். உள்ளே போனால், ஓட்டத்தை ஏற்ற நிமிஷத்தில் இருந்து இறக்கிவிடும் நிமிஷம் வரைக்கும்தான் அந்தக் கூலி. தெருவோரம் காரை நிறுத்திப்போட்டு போனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாயே, அதற்கு ஒரு சதமும் இல்லை. கொக்குவின் நாட்டிலும் இதே வில்லங்கம்தான். 2021 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஊபர் ஓட்டுகிறவர்கள் தொழிலாளர்கள்தான், ஆப்பைத் திறந்துவைத்துக் காத்திருக்கும் நேரமும் வேலை நேரம்தான் என்று தீர்த்தது. அதன் பிறகு கம்பனி விடுமுறைச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது, ஆனால் அடிப்படைக் கூலியை ஓட்டத்தை ஏற்றதில் இருந்துதான் எண்ணியது. எல்லா ஊரிலும் காத்திருப்பவன் காசில்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது.

கண் கிளினிக்குக்காகக் கொழும்பு போனபோது வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் டெலிவரிப் பெடியன் ஒருவனைப் பிடித்துக்கொண்டேன். வாழைச்சேனைப் பெடியன். நம்முடைய தமிழைக் கேட்டதும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கதைத்தான். போனைப் பொலித்தீன் பைக்குள் போட்டு ரப்பர் பட்டியால் ஹாண்டிலில் கட்டியிருந்தான். பைக்குள் தண்ணீர் இறங்கி, விரலால் தேய்த்தால் திரை நகரவில்லை. கொத்து ரொட்டிக்கு ஓடர் வந்து கன நேரம், கடைக்காரன் இன்னும் அடிக்கத் தொடங்கவில்லை. ஓடர் வந்தபோது நின்ற இடத்தில் இருந்து கடைக்கு வந்த தூரத்துக்கு ஒன்றும் இல்லையாம், நிற்கிற நேரத்துக்கும் இல்லையாம். கொண்டுபோனால் மாடி வீட்டில் காவலாளி லிஃப்டில் ஏற விடமாட்டான். வாடிக்கையாளர் காசாய்க் கொடுத்தால் முழுக் காசும் கையில் இருக்கும், பார்க்க வசதியாய்த் தெரியும். கம்பனியின் பங்கு ஆப்பில் கடனாய் ஏறிக்கொண்டே போகும். அதைக் கட்டாமல் விட்டால் ஓடர் நின்றுவிடும். அந்தக் காசில் அம்மாவுக்கு அனுப்பிவிட்டு ஒரு முறை மாட்டிக்கொண்டேன் என்று சிரித்தான்.

“இத்தனை ஓடர் முடித்தால் வாரக் கடைசியில் போனஸ் இருக்குத்தானே?” என்று கேட்டேன். “இருக்கு அங்கிள், கடைசி இரண்டு ஓடர்தான் வராது” என்றான்.

சரி, அக்காவின் மகனுடைய கணக்குக்கு வருவோம். கொப்பியில் அவன் முன்னாலேயே போட்டேன். கம்பனி பங்கு போக ஒரு நாளைக்குக் கையில் 5,000 ரூபா என்று தாராளமாய் வைத்தேன். 120 கிலோமீற்றர், லீற்றருக்கு 45 ஓடும், பெற்றோல் 300 என்று வைத்தால் 800 போகும். ஒயில், செயின், ரயர், டேட்டா எல்லாம் ஒரு 300. கடைச் சாப்பாடும் தேத்தண்ணியும் 900. ரூம் வாடகையைப் பிரித்தால் நாளுக்கு 600. மிச்சம் 2,400. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு மணிக்கு 200 ரூபா.

இப்போது ஹார்ட்வெயாரில் அடிப்படைச் சம்பளம் 45,000. முதலாளி அதற்கு மேல் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் போடுகிறார். எட்டு மணி நேர வேலை, மத்தியானம் அக்காவின் சோறு. எப்படிப் பார்த்தாலும் மணிக்கு 250 ரூபாவுக்குக் கிட்ட வருகிறது.

“ஆனால் மாமா, மாத முடிவில் கையில் எது கூட?” என்று கேட்டான் பார். அங்கேதான் எனக்கு வாய் அடைத்தது. 26 நாள் ஓடினால் அவனுக்கு 62,000 சொச்சம் கையில் வரும். இங்கே சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் பிடிப்பது போக 41,400. அவன் சொல்வது பொய் இல்லை மச்சான். ஐப்பசியிலேயே தை மாதக் கடனை எண்ணுகிற வீட்டில் அந்த இருபதாயிரம் பெரிய காசு. அவனை மடையன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான்கு மணி நேரம் கூட உழைத்து, சைக்கிளைத் தேய்த்து, முதுகைத் தேய்த்து எடுக்கும் காசு என்று தெரிந்துகொண்டு போனால் போகட்டும். உன் 312 டொலரைப் பார்த்துவிட்டுப் போகக் கூடாது.

எனக்குப் பயம் வேறு இடத்தில். காய்ச்சல் வந்தால் அன்றைக்கு வருமானம் பூச்சியம். காலி வீதியில் மழை நாளில் ஒரு பஸ் உரசிவிட்டால் ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்க்க ஒரு முதலாளியும் இல்லை. 2022ஐ நினைத்துப் பார். பெற்றோல் 470 ரூபாவுக்கு ஏறியது. பிறகு கியூஆர் குறி காட்டிப் பெற்றோல் வாங்கும் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நாலு லீற்றர். ஓட்டோக்காரருக்கு ஐந்து. கல்லடியில் பெற்றோல் செட்டுக்கு முன்னால் வண்டிக்குள்ளேயே படுத்துக் கிடந்தவர்கள் எத்தனை பேர்! உழைப்பு முழுக்க ஒரு பெற்றோல் குழாயில் தொங்கும்போது, அது எந்த நேரமும் அறும். லீசிங்கில் வண்டி எடுத்தவர்களை அந்த வருஷம் பேங்கில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கப் பார்த்தேன், அதை விரிவாய் எழுத விருப்பமில்லை.

அதனால் ஒரு உதவி செய். ஞாயிறு இரவு எட்டு மணிக்கு, உனக்குக் காலை ஒன்பதரை, அவனுக்கு நீயே அழை. நான் பக்கத்தில் இருக்க மாட்டேன், இருந்தால் நான் சொல்லிக் கொடுத்தது என்பான். போகாதே என்று சொல்ல வேண்டாம், அவன் எதிர்மாறாய்ச் செய்கிற வயசு. கார் டிக்கியில் கிடக்கும் பனி ரயருக்கு என்ன கொடுத்தாய், பங்குனியில் எவ்வளவு வரி கட்டினாய், எந்த நேரம் சாப்பிடுகிறாய், இடுப்பு எப்படி இருக்கிறது, அதைச் சொல். டாக்டர் உன்னை நடக்கச் சொன்னதையும் சொல்.

இதற்குப் பிறகும் போகிறான் என்றால், மூன்று மாதச் சம்பளமில்லாத லீவு கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். முதலாளி நல்ல மனுசன், என்னோடு ஒன்றாய்ப் படித்தவர், உனக்கும் தெரியும், அந்த மாங்காய்க் கதைக்காரர்தான். கேட்டால் கொடுப்பார் என்று நினைக்கிறேன்.

மற்றப்படி, கொக்கு தையில் ஊருக்கு வருகிறானாம். நீயும் வந்தால் நல்லது. வராவிட்டாலும் ஞாயிறு அழைப்பை மறக்காதே.

அன்புடன்,
தவம்

பி.கு. அடுத்த முறை ஸ்க்ரீன்ஷொட் போட்டே தீர வேண்டும் என்றால், கீழே பெற்றோல் பில்லையும் சேர்த்துப் போடு.