பழைய மீன் ஏலக்கூடத்தைப் படிப்பகமாக்கக் கைகொடுங்கள்: ஊர்க் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம்.

2019 செப்டம்பரில் நம் ராமநாதபுரம் மாவட்டத்துப் பாம்பன், குந்துகால், மண்டபம் பக்கம் தென்கடல் (மன்னார் வளைகுடா) பச்சையாகிப் போனது நினைவிருக்கும். கரையெல்லாம் மீன் செத்து ஒதுங்கியது. எங்கள் ஊர் டீக்கடையில் அன்றைக்கு ஓடிய பேச்சில் ஒருவர், கப்பல்காரன் எதையோ கொட்டிவிட்டுப் போய்விட்டான் என்றார். இன்னொருவர் சுனாமிக்கு முந்தி இப்படித்தான் ஆகும் என்றார். வாட்ஸ்ஆப்பில் அதற்கு மேலும் வந்தது. வெளியூர் வியாபாரிகள் சில நாள் எங்கள் மீனைத் தொடவில்லை. பச்சைத் தண்ணீருக்கு எட்டாத தூரத்தில் பிடித்த மீனுக்கும் விலை இல்லை.

அது பூங்கோரை, ஒரு சின்ன உயிர் பெருகிக் கடலைப் பச்சையாக்குவது. பெரியவர்களுக்குப் பெயர் தெரியும், ஏன் வருகிறது என்று தெரியாது. இதே பூங்கோரை 2008 அக்டோபரிலும் வந்தது, கீழக்கரைக்கு எதிரே அப்பா தீவுப் பக்கம். அப்போதும் மீன் செத்தது. மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் நேரில் போய்ப் பார்த்து, தண்ணீர் எடுத்துச் சோதித்து, 2009இல் ஆய்விதழில் கட்டுரையாக எழுதியும் வைத்தார்கள். அந்த உயிருக்கு அறிவியலில் நாட்டிலூகா என்று பெயர். நம் கடலில் நடந்தது, நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியது. பத்து வருடம் கழித்து அதே பச்சை திரும்பி வந்தபோது எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் அது தெரியாது. அந்தக் கட்டுரை தமிழில் இரண்டு பக்கமாக ஏலக்கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்தால், குறைந்தபட்சம் வியாபாரியின் கையைப் பிடித்து இழுத்துக் காட்டியிருக்கலாம்.

நாங்கள் நன்கொடை கேட்பது இந்த ஒரு வேலைக்குத்தான். நம் கடலையும் கரையையும் பற்றிப் பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி நிலையங்களும் கண்டுபிடித்து எழுதியதை, நமக்குப் புரியும் தமிழில் நம் ஊருக்குக் கொண்டுவருவது.

ஆய்வு என்றால் ஏதோ தூரத்தில் நடப்பது என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் கரையைப் போல ஆராயப்பட்ட கரை நாட்டில் அதிகம் இருக்காது. 1947இல் தொடங்கிய அந்த ஆராய்ச்சி நிலையம் வளர்ந்ததே மண்டபம் முகாமில்தான். 1971 வரை தலைமையகமும் இங்கேதான், பிறகு கொச்சிக்குப் போனது. 2010இல் நாட்டிலேயே முதன்முறையாகக் கடல்விராலைக் குஞ்சு பொரிக்க வைத்ததும் மண்டபத்தில்தான். தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. 1987இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் பெரியபட்டினத்தில் குழி தோண்டியபோது 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் உடைசல்கள் கிடைத்தன. அன்றைக்குச் சீனத்துக் கப்பல் சரக்கு இறங்கிய துறை அது என்பது இன்று அங்கே பள்ளிக்கூடம் போகும் எத்தனை பிள்ளைக்குத் தெரியும்? கலாம் பிறந்த மாவட்டம் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். பேசிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

எங்கள் ஊரில் பாசி எடுக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். விரலில் துணி சுற்றி, சேலைக்கு மேல் சட்டை போட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு நாற்பது வருடமாகக் கடலில் முங்குகிறவர். மரிக்கொழுந்துப் பாசி எந்தப் பாரில் (கடலடிப் பாறையில்) எப்போது தழையும் என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஆய்வு மாணவி ஒருவர் வந்து மூன்று நாள் அவர் கூடவே இருந்தார். கேள்வித்தாள் நீளமாக இருந்தது, அக்கா பொறுமையாகப் பதில் சொன்னார், மீன்குழம்பும் போட்டார். அதற்குப் பிறகு மாணவியைக் காணோம். பார்க்கும்போதெல்லாம் அக்கா எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: "அந்தப் பிள்ளை பாஸாயிருச்சா தம்பி?"

பாஸாகிவிட்டது. கல்லூரியில் படிக்கும் அக்காவின் பேத்திதான் தேடிக் கண்டுபிடித்தாள். 2009இல் இருந்தே பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி முனைவர் பட்ட ஆய்வேடுகளைக் கணினிப் பிரதியாகக் கொடுக்க வேண்டும். ஷோத்கங்கா என்ற பொதுக் களஞ்சியத்தில் அவற்றை யார் வேண்டுமானாலும் காசு இல்லாமல் படிக்கலாம். ஆக, பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. கதவு திறந்துதான் கிடக்கிறது, உள்ளே இருப்பது இருநூறு முந்நூறு பக்க இங்கிலீஷ். அக்கா அதில் 'பதிலளித்தோர்' என்ற தலைப்பின் கீழ் ஓர் எண்ணாக இருந்தார். பேத்தி படித்துச் சொன்னபோது அக்காவுக்குக் கோபமெல்லாம் வரவில்லை. "நான் சொன்னதைச் சரியா எழுதியிருக்கா"ன்னு மட்டும் பார்க்கச் சொன்னார். ஓர் இடத்தில் தப்பு இருந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

இதனால்தான் எங்கள் திட்டத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. ஆய்வு கரைக்கு வரவேண்டும், கரையின் கேள்வி ஆய்வாளருக்குப் போகவேண்டும்.

சும்மா ஆசைப்பட்டு எழுதவில்லை, போன வருடம் ஒரு தாள் போட்டுப் பார்த்தோம். பூங்கோரையைப் பற்றித்தான். மொழிபெயர்த்த பேராசிரியர் எங்கள் ஊர் மாப்பிள்ளை, நல்ல மனிதர். முதல் படியில் 'மிதவை உயிரிப் பெருக்கத்தால் ஏற்படும் உயிர்வளிக் குறைபாடு' என்று எழுதிக் கொண்டுவந்தார். படகு டிரைவர் ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு இங்கிலீஷே தேவலைங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எழுதினோம், அடித்தோம், நாலாவது தடவை இப்படி வந்தது: "பூங்கோரை உண்மையில் பாசி இல்லை. கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் ஓர் உயிர், தன் உடம்புக்குள் பச்சைப் பாசியை வைத்து வளர்க்கிறது. அதனால்தான் கடல் பச்சையாகத் தெரிகிறது. கோடிக்கணக்கில் பெருகி, செத்து அழுகும்போது தண்ணீரில் இருக்கும் காற்றைத் தின்றுவிடுகிறது, அம்மோனியாவும் கூடுகிறது. மீனுக்கு மூச்சு முட்டுகிறது. செத்து ஒதுங்கிய மீனை எடுக்காதீர்கள்." டிரைவர் படித்துவிட்டுத் தலையாட்டினார். தலையாட்டியதோடு விட்டாரா? "கச்சான் காற்று விழுந்து கடல் சப்புன்னு கிடக்கும்போதுதானே இது வருது, எந்த நீவாட்டுல (நீரோட்டத்துல) வருதுன்னு எழுதியிருக்காங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். அதுதான் எங்கள் கேள்வி நோட்டின் முதல் பக்கம்.

இதைத்தான் மாதாமாதம் செய்ய நினைக்கிறோம். மாதம் ஒரு தாள், 500 பிரதி. அச்சுக்குப் போகும் முன் அந்தத் தொழில் செய்கிற ஒருவர் படித்துப் பார்த்துச் சரி என்று சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மறுபடி எழுதவேண்டும். மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் ஆய்வு செய்தவரையே வரவழைத்துப் பேசவைப்பது, பிறகு கேள்வி நோட்டைத் திறப்பது. வருகிற மாணவர்களுக்குப் பஸ் செலவும் சாப்பாடும் நம் பொறுப்பு. இடமும் இருக்கிறது. புது ஏலக்கூடம் வந்த பிறகு சும்மா கிடக்கும் பழைய கூடத்தை ஊர்ச் சங்கம் எழுதிக் கொடுத்துவிட்டது. கூரை ஓட்டை, தரை பெயர்ந்து கிடக்கிறது, கருவாட்டு வாடை இன்னும் போகவில்லை (அது போகவேண்டாம் என்று ஒரு கட்சி இருக்கிறது).

ஊர்க் கூட்டத்தில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை, அதை மறைக்க விரும்பவில்லை. "முதலில் தூண்டில் வளைவு கேளுங்கள், படிப்பகம் அப்புறம்" என்றார்கள். தூண்டில் வளைவு என்பது கரையைக் காக்கக் கடலுக்குள் போடும் கல்சுவர். அது அரசாங்கம் கட்டவேண்டியது, அதற்கு மனுக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். படிப்பகத்துக்கு ஆகும் நாலு லட்சத்துச் சொச்சத்தில் அது முடியாது.

இன்னொரு எதிர்ப்புக்கு இவ்வளவு சுலபமாகப் பதில் சொல்ல முடியவில்லை. "ஆய்வு என்று வந்தாலே அடுத்து தடை வரும்" என்றார் ஒரு பெரியவர். அவர் சொல்வதில் அனுபவம் இருக்கிறது. பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் உள்ள 21 தீவுகளும் 1986இல் கடல் தேசியப் பூங்கா ஆயின. 2001இல் கடல் அட்டை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குப் போனது, அதாவது பிடிக்கக்கூடாது. எங்கள் ஊரில் சிலர் அதைத் தெரிந்துகொண்டதே பிடிபட்ட பிறகுதான். சட்டம் வந்தது, ஏன் என்று சொல்ல ஆள் வரவில்லை. அதே சமயம், அந்த 21 தீவில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. கீழக்கரைக்கு எதிரே இருந்த பூவரசன்பட்டி அதில் ஒன்று. சுண்ணாம்புக்கும் வீட்டுக்கும் பவளக்கல்லை வெட்டி எடுத்ததுதான் முக்கியக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். எங்கள் பாட்டன் வீட்டுச் சுவரிலும் அந்தக் கல் இருக்கிறது. இதையும் நாம் பேசத்தான் வேண்டும்.

கப்பாபைகஸ் பாசி விஷயமும் அப்படித்தான். மிதவை கட்டி அதை வளர்த்து எத்தனையோ பெண்கள் குடும்பம் நடத்துகிறார்கள். குருசடைத் தீவில் அது பவளத்தின் மேல் படர்ந்து மூடுகிறது என்று மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் எழுதினார்கள். வளர்க்கிறவர்கள் வேறு சொல்கிறார்கள். இரண்டும் ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டப்படும். யார் மனம் கோணினாலும் ஒட்டப்படும் என்று குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறோம்.

இனிக் கணக்கு. கூரை, தரை, வயரிங்குக்கு 1,85,000 ரூபாய். பலகை, அலமாரி, பெஞ்சுக்கு 70,000. புரொஜெக்டர், திரை, ஸ்பீக்கருக்கு 65,000. முதல் வருடத்துக்கு மொழிபெயர்ப்பு மதிப்பூதியம் தாளுக்கு 5,000 வீதம் 60,000, அச்சுக்கு 36,000, வருகிறவர்களின் பஸ் செலவு, சாப்பாட்டுக்கு 24,000. மொத்தம் 4,40,000. இதுவரை சங்கம் 50,000, ஜமாஅத் 25,000, கோயில் திருவிழாக் கணக்கில் மிஞ்சியது 14,000, பாசி எடுக்கும் பெண்கள் ஆளுக்கு நூறு இருநூறு என்று சேர்த்துக் கொடுத்தது 11,500. கையில் இருப்பது 1,00,500. இன்னும் 3,39,500 வேண்டும்.

பணமாகத்தான் என்று இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆள் இருக்கும். கொத்தனார், தச்சர், எலக்ட்ரீஷியன் யாராக இருந்தாலும் இரண்டு நாள் வேலையை எழுதிக் கொடுத்தால் அதுவும் நன்கொடைப் புத்தகத்தில் ஏறும். துபாயிலும் சவுதியிலும் மலேசியாவிலும் இருக்கும் உறவுகளுக்கு, கீழக்கரைக் காக்காமார் (அண்ணன்மார்) உட்பட, தனியாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நீங்கள் அனுப்பிய பணத்தில்தான் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் வந்தது, எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. பாம்பனில் மீனவர்களுக்கென்று கடல் ஓசை வானொலி நடக்கிறது. எங்கள் தாள்களை அங்கே வாசிக்க நேரம் கேட்கப் போகிறோம். அப்படிக் கிடைத்தால் கடலில் இருப்பவர் காதிலும் விழும்.

ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள், குழுவில் இருப்பவர் உங்கள் சொந்த மச்சானாக இருந்தாலும் சரி. ரசீதுப் புத்தகம் பொருளாளரிடமும் இரண்டு உறுப்பினரிடமும் மட்டும் இருக்கிறது. வங்கிக் கணக்கு விவரம் ரசீதின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. வரவு செலவு மாதக் கடைசியில் கூடத்து வாசலில் எழுதி ஒட்டப்படும், வருடக் கணக்கு ஊர்க் கூட்டத்தில் படிக்கப்படும். பணம் முழுதாகச் சேராவிட்டால் கூரையை மட்டும் போட்டுவிட்டுத் தாளைத் தொடங்குவோம், புரொஜெக்டர் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கரையில் ஆய்வு செய்து பட்டம் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களிடம் பணம் கேட்கவில்லை. நீங்கள் கண்டுபிடித்ததை இரண்டு பக்கம் தமிழில் எழுதி அனுப்புங்கள், பிழை இருந்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். முடிந்தால் ஒரு நாள் நேரில் வாருங்கள். அக்கா இப்போதும் காலையில் கடலுக்குப் போகிறார், பத்து மணிக்கு மேல் கரையில் இருப்பார்.

இப்படிக்கு,
படிப்பகக் கட்டடக் குழுவினர்