முதல் ஜப்பானிய வாள் வாங்கப்போகும் நண்பனுக்கு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. யோகோஹாமாவில் வேலையை இன்னும் இரண்டு வருஷம் நீட்டித்தது நல்ல செய்தி. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைக் கேட்டு நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

வாள் விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்று 71 செ.மீ. கட்டானா (நீள வாள்), கைப்பிடிக்குள் மறையும் அடிப்பகுதியில் கொதேட்சு என்ற பெயர், அலகில் அங்கங்கே துரு, விலை 1,80,000 யென். மற்றது 46 செ.மீ. வாக்கிஸாஷி (குட்டை வாள்). பெயர் இல்லை, வெள்ளை மர உறை, வாள் சங்கத்தின் ஹோஸோன் சான்றிதழ் உண்டு, 2,20,000 யென். உன் மனசு முதலாவதில்தான் இருக்கிறது என்று எழுத்திலேயே தெரிகிறது. இரண்டாவதை வாங்கு.

நாகஸோனே கொதேட்சு 17ஆம் நூற்றாண்டில் எடோவில் (இன்றைய டோக்கியோ) வாள் அடித்தவர். அவர் பெயரில் போலிக் கையொப்பம் வெட்டியதுபோல் வேறு யார் பெயரிலும் வெட்டியிருப்பார்களா என்பதே சந்தேகம். உண்மையான கொதேட்சு இந்த விலைக்குக் கனவிலும் கிடைக்காது. போலிப் பெயர் இருப்பதாலேயே வாள் மோசம் என்று ஆகிவிடாது. பழைய நல்ல வாளில் யாரோ பிற்காலத்தில் பெரிய பெயரை வெட்டியிருக்கலாம். ஆனால் அந்தப் பெயர் இருக்கும்வரை அதற்குச் சான்றிதழ் கிடைக்காது, நாளைக்கு விற்கப் போனாலும் அதே சங்கடம்.

பெயரைவிடப் பெரிய சிக்கல் துரு. அதை எடுக்க ஒரே வழி, தொகிஷி எனப்படும் மெருகுக்காரரிடம் கொடுப்பது. பல கற்களில் படிப்படியாகக் கையால் தேய்ப்பார். ஒரு சுன்னுக்கு, அதாவது 3.03 செ.மீ.க்கு இவ்வளவு என்று நீளத்தை வைத்துக் கூலி. 71 செ.மீ.க்குக் கணக்குப் போட்டால் கூலி வாளின் விலையைத் தாண்டிவிடும், மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். துருவுக்கு அடியில் விரிசல் இருந்தால் அது மெருகு பாதி போன பிறகுதான் தெரியவரும். மணல்தாளும் மெட்டல் பாலிஷும் வைத்து நீயே தேய்க்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. அலகின் முகடும் முனையின் கோடும் மழுங்கிவிடும். அவற்றை மீட்க மெருகுக்காரர் இன்னும் அதிக எஃகை எடுக்க வேண்டிவரும். ஆகவே முதல் வாள் மெருகு நன்றாக இருக்கிற வாளாகவே இருக்கட்டும்.

குட்டை வாள் என்று தயங்காதே. 60.6 செ.மீ.க்கு மேல் கட்டானா, 30.3 முதல் 60.6 வரை வாக்கிஸாஷி. எடோ காலத்தில் நீள வாள் சாமுராய்களுக்கு உரியது, குட்டை வாளை வணிகர்களும் செருகிக்கொள்ளலாம். அதனால் எக்கச்சக்கமாக அடித்திருக்கிறார்கள், இன்று விலையும் குறைவு. எஃகு, அதை மடித்து மடித்து அடிப்பது, களிமண் பூசிப் பதம் ஏற்றுவது எல்லாம் நீள வாளுக்குச் செய்ததேதான். காசு கொடுத்துப் பார்க்க வேண்டிய விஷயமெல்லாம் 46 செ.மீ.க்குள் இருக்கிறது.

கடையில் எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருந்தாய். மோதிரம், கடிகாரம் கழற்றிவிடு. உறையிலிருந்து எடுக்கும்போது கூர் மேல்நோக்கி இருக்க வேண்டும், வாளின் முதுகு உறையில் சறுக்கி வர வேண்டும். அலகில் விரல் படக்கூடாது, வாளுக்கு மேல் முகத்தை வைத்துப் பேசவும் கூடாது. எச்சில் துளி பட்ட இடம் துருப்பிடிக்கும். மூடாத ஒற்றை பல்பின் வெளிச்சம் அலகில் சறுக்கி விழும்படி முனையை விளக்கை நோக்கிப் பிடித்து, மெதுவாகச் சாய்த்துக்கொண்டே பார். ட்யூப் லைட்டில் ஒன்றும் தெரியாது.

முதலில் ஹமோன், அதாவது கூர் ஓரத்தின் பதக்கோடு. களிமண்ணை ஓரத்தில் மெல்லிசாகவும் முதுகுப் பக்கம் தடிப்பாகவும் பூசிக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார்கள். ஓரம் சட்டென்று குளிர்ந்து கடினமாகிறது, மற்ற இடம் மிருதுவாக நிற்கிறது. இரண்டும் சந்திக்கிற வெண்கோடு அடியிலிருந்து முனைவரை அறுபடாமல் ஓடி, முனையில் வளைந்து முதுகுப் பக்கம் திரும்ப வேண்டும். முனையில் அந்தத் திருப்பம் இல்லாமல் கோடு விளிம்போடு நின்றுவிட்டால், முனை எப்போதோ உடைந்து, மறுபடி வடிவம் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். அங்கே கடின எஃகு இல்லை. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

அடுத்தது ஹாகிரே. கூர் ஓரத்துக்குச் செங்குத்தாக, மயிரிழை போலக் கருப்பாகத் தெரியும் விரிசல். எண்ணெய் அதை மறைத்துவிடும், அதனால் துடைத்துக் காட்டச் சொல். 10 மடங்கு லென்ஸ் ஒன்று பையில் இருக்கட்டும். கடின ஓரத்தில் விழுந்த விரிசலை மெருகால் எடுக்க முடியாது, அடி பட்டால் அங்கேதான் ஒடியும். சேகரிப்பவர்கள் இந்தக் குறை ஒன்றுக்காகவே வாளைக் கீழே வைத்துவிடுவார்கள். அலகின் நீளவாக்கில் மடிப்பு கொஞ்சம் வாய் பிளந்திருப்பதும் சின்னக் கொப்புளமும் அவ்வளவு ஆபத்தில்லை, விலையைப் பேசிக் குறைத்துக்கொள்.

பல தலைமுறை மெருகில் அலகு தேய்ந்துபோவதும் உண்டு. வெளியே கடின எஃகுத் தோல், உள்ளே மிருதுவான கரு என்பது பல வாள்களின் கட்டுமானம். தோல் தேய்ந்த இடத்தில் மரரேகை போன்ற மடிப்புத் தடம் மறைந்து, சொரசொரவென்று மங்கலான திட்டு தெரியும். திட்டு ஒன்றிரண்டு பரவாயில்லை, பக்கம் முழுக்க என்றால் அந்த வாளுக்கு இனி ஒரு மெருகு தாங்காது.

பிறகு கைப்பிடியைக் கழற்றச் சொல்லி அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்துவிட்டு, கைப்பிடியின் நுனியை இடது கையில் பிடித்து, வாளைச் செங்குத்தாக, பின்பக்கம் லேசாகச் சாய்த்து நிறுத்தி, இடது மணிக்கட்டில் வலது முஷ்டியால் தட்டினால் அலகு தளர்ந்து மேலே எழும்பும். மெல்லத் தட்டித் தொடங்க வேண்டும், தளர்வான அலகு துள்ளிவிடும். அடிப்பகுதியின் துரு ஆழ்ந்த பழுப்பாக, சீராக, வழவழப்பாக இருந்தால் நல்ல வயது. செம்மண் நிறத்தில் திட்டுத்திட்டாக இருந்தால் சந்தேகப்படு. அந்தத் துருவை ஒருநாளும் சுரண்டாதே, வாளின் வயசுக்கு அதுதான் சாட்சி. கைப்பிடியைக் கழற்ற மறுக்கும் விற்பனையாளரிடம் பேச்சை அதோடு முடித்துக்கொள்.

இரண்டு சீட்டுகளை ஒன்றாக எண்ணிக் குழம்பியிருக்கிறாய். தோரோகுஷோ என்பது சட்டப்படியான பதிவுச் சீட்டு. மாகாணக் கல்வி வாரியம் தருவது. நீளம், வளைவு, ஆணித்துளை எத்தனை, பெயர் என்ன என்ற விவரம் அதில் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு வாளோடு ஒப்பிட்டுப் பார். தரத்துக்கோ கையொப்பத்துக்கோ அந்தச் சீட்டு பொறுப்பல்ல. உன் கொதேட்சுவுக்கு இருப்பது இது மட்டும்தான். ஹோஸோன் என்பது 1948இல் தொடங்கிய ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கத்தின் மதிப்பீடு. பெயரில்லாத வாளுக்கும் எந்தக் காலம், எந்த மரபு என்று அது சொல்லும். அதே சங்கத்தின் 1982க்கு முந்தைய பழைய சான்றிதழைக் காட்டினால் அதற்காகக் கூடுதலாக ஒரு யென்னும் தராதே.

இன்னும் பழையது வேண்டும் என்று ஆசைப்பட்டால், 16ஆம் நூற்றாண்டில் பிஸென் மாகாணத்து ஒஸாஃபுனே ஊரில் போருக்காக மொத்தமாக அடித்த, சுகெஸதா என்ற கொல்லர் பெயர் வெட்டிய வாள்களைப் பார். 'பிஷு ஒஸாஃபுனே சுகெஸதா' என்று சுருக்கமாக மட்டும் வெட்டியிருந்தால் பெரும்பாலும் மொத்த உற்பத்தி. யாருக்காகவோ தனியாகச் செய்தவற்றில் கொல்லரின் முழுப்பெயர் இருக்கும், விலையும் எங்கேயோ போய்விடும். உலகப்போர்க் காலத்து ராணுவ வாள் மலிவாக வருகிறது என்றால் ஜப்பானில் தொடாதே. மரபு முறையில் அடிக்காதவற்றைப் பதிவு செய்ய முடியாது, பதிவில்லாத வாளை வைத்திருப்பது குற்றம். பயிற்சிதான் நோக்கம் என்றால் கூரில்லாத கலப்பு உலோக இயாய்தோ போதும், இந்தத் தேடலே வேண்டாம்.

வாங்கியதும் 20 நாளுக்குள் பெயர் மாற்றம் தெரிவிக்க வேண்டும். உன் ஊர் மாகாணத்துக்கு அல்ல, சீட்டைக் கொடுத்த மாகாணத்தின் கல்வி வாரியத்துக்கு. ஊருக்கு எடுத்து வருவதானால் ஜப்பான் அரசின் பண்பாட்டு முகமையிடம் ஏற்றுமதிச் சான்று வாங்கிப் பதிவுச் சீட்டைத் திருப்பித் தர வேண்டும். இந்தியாவில் வாளுக்கு 1959 ஆயுதச் சட்டமும் சுங்கமும் இருக்கின்றன, டிக்கெட் போடுவதற்கு முன்பே விசாரித்துவிடு.

பராமரிப்பு சுலபம். பழைய எண்ணெயை மெல்லிய காகிதத்தால் அடியிலிருந்து முனையை நோக்கித் துடைத்து, புதிதாகச் சோஜி எண்ணெய் (வாளுக்கென்றே விற்கும் கிராம்பு வாசனை எண்ணெய்) படலமாகப் பூசு. சொட்டக்கூடாது, சொட்டினால் உறைக்குள் இறங்கித் தூசியைச் சேர்க்கும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை போதும், ஜூன் மழைக்காலத்தில் மட்டும் அடிக்கடி எடுத்துப் பார். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் துருப்புள்ளி வந்தால் குற்றம் அலகில் இல்லை, உறைக்குள். அந்த மர உறையைச் சோற்றுப் பசையால்தான் ஒட்டியிருப்பார்கள், தெரிந்த கைவினைஞர் பிளந்து சுத்தம் செய்து திரும்ப ஒட்டித் தருவார்.

பணம் கட்டுவதற்கு முன் அந்த வாக்கிஸாஷியின் அடிப்பகுதியை இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பு. முனையையும் கிட்டத்தில் ஒன்று எடு. பார்த்துவிட்டு அன்றைக்கே பதில் போடுகிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்