மேரி செலஸ்ட் மேசையில் சாப்பாடு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த 'மேரி செலஸ்ட்' கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஆளில்லாமல் மிதந்த அந்தக் கப்பலில் தேநீர் ஆவி பறக்க இருந்ததாகவும், காலை உணவு பாதி சாப்பிட்டபடி கிடந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் 22 ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் சமையல் வேலை பார்த்தவன். அந்த வரியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

1872 நவம்பர் 7 அன்று 1,701 பீப்பாய் எரிசாராயத்தை ஏற்றிக்கொண்டு நியூயார்க்கிலிருந்து கிளம்பிய கப்பல் அது. கேப்டன் பெஞ்சமின் பிரிக்ஸ், அவர் மனைவி, இரண்டு வயது மகள், ஏழு பணியாளர்கள், மொத்தம் பத்துப் பேர். கப்பலின் பயணப் பதிவில் கடைசிக் குறிப்பு நவம்பர் 25 காலை, அட்லாண்டிக் கடலிலுள்ள அசோர்ஸ் தீவுகளின் சாண்டா மரியா அருகே எழுதப்பட்டது. 'டெய் கிராசியா' கப்பல் அதைக் கண்டது டிசம்பர் 4ஆம் தேதி. நடுவில் ஒன்பது நாள்!

மேரி செலஸ்டில் ஏறிப் பார்த்த டெய் கிராசியாவின் துணை அதிகாரி ஆலிவர் டெவோ, ஜிப்ரால்டர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். மேசையில் சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் இல்லை. அடுப்பு இடம் பெயர்ந்திருந்தது. அடித்தளத்தில் மூன்றரை அடி தண்ணீர். கடல் புரட்டும்போது நாங்கள் மேசையில் ஈரத்துணி விரித்துத்தான் தட்டு வைப்போம், அப்படியும் நழுவும். ஆளே இல்லாத கப்பலில் ஒன்பது நாள் ஒரு தட்டு அசையாமல் இருக்காது.

இந்தக் கட்டுக்கதையால் உண்மையான புதிர் மறைந்துபோகிறது. கப்பலில் இருந்த சிறு படகைக் காணவில்லை. திசை கணிக்கும் கருவிகளையும் எடுத்துப் போயிருக்கிறார்கள். மாயமாகவில்லை, இறங்கிப் போயிருக்கிறார்கள். இத்தாலியின் ஜெனோவாவில் சரக்கை இறக்கியபோது ஒன்பது பீப்பாய்கள் காலி. கசிந்த சாராய ஆவி வெடித்துவிடும் என்று கேப்டன் பயந்திருக்கலாம் என்கிறார்கள். எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது, குழந்தை வேறு உடன் இருந்ததே. ஆனால் பத்துப் பேரில் ஒருவர் கூடக் கிடைக்கவில்லை. அதில் சமையல்காரர் எட்வர்ட் ஹெட் புதிதாகக் கல்யாணமானவர். அவரைப் பற்றி ஒரு வார்த்தை கூட உங்கள் கட்டுரையில் இல்லை.

சரி, அடுத்த வாரம் ஸ்காட்லாந்தின் ஃபிளனன் தீவுக் கலங்கரை விளக்கம் என்று அறிவித்திருக்கிறீர்கள். 1900 டிசம்பரில் மூன்று விளக்குக் காவலர்கள் காணாமல்போன இடம். அங்கேயும் சாப்பிடாத உணவு, கவிழ்ந்த நாற்காலி என்று ஒரு கதை உண்டு. அது 1912இல் வந்த ஒரு கவிதையிலிருந்து பரவியது. நேரில் போய் விசாரித்த கண்காணிப்பாளர் ராபர்ட் மியூர்ஹெட், சமையல் பாத்திரங்கள் சுத்தமாக இருந்தன, ஆகவே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வெளியே போயிருப்பார்கள் என்று எழுதினார். மேற்கு இறங்குதுறையில் கடலுக்கு 110 அடி மேலே இருந்த ஒரு பெட்டி அடித்துச் செல்லப்பட்டிருந்ததையும், ஒருவரின் கோட்டு உள்ளேயே இருந்ததையும் பதிவு செய்தார். பேரலை அடித்துப் போயிருக்கும் என்பது அவர் முடிவு. உடல்கள் கிடைக்கவே இல்லை.

ஐயா, அந்தக் கட்டுரை அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை பாருங்கள். சாப்பாட்டுத் தட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். கழுவி வைத்த பாத்திரங்களையும் அந்தக் கோட்டையும் கட்டுரையில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் சமையல்காரர்